அக்கா அனுப்பிய 10,000 ரூபா வவுச்சர் பூச்சியமாகிவிட்டது: பிழை யாருடையது?

தலவாக்கலை சுகு:
தீபாவளிக்கு முதல் கிழமை நடந்தது. டுபாயில் வீட்டு வேலை செய்யும் அக்கா, காசாக அனுப்பினால் அம்மா சீட்டுக்கும் கடனுக்கும் கொடுத்துவிடுவார் என்று, கொழும்புக் கம்பனி ஒன்றின் 10,000 ரூபா இ-வவுச்சரை வாங்கி என் மின்னஞ்சலுக்கு அனுப்பினார். நான் அதை ஸ்க்ரீன்ஷொட் எடுத்து எங்கள் குடும்ப வட்ஸ்அப் குழுவில் போட்டேன், அக்காவின் பரிசை எல்லாரும் பார்க்கட்டும் என்று. நாலு நாள் கழித்து அம்மாவும் நானும் பஸ் ஏறி டவுனுக்குப் போய், மா, பருப்பு, பால்மா, தம்பிக்கு ஒரு சோடி சப்பாத்து என்று கூடையை நிரப்பிக்கொண்டு காசு கட்டும் இடத்தில் நின்றோம். அங்கிருந்த பிள்ளை வவுச்சரின் கோட் இலக்கத்தை இரண்டு தரம் அடித்துப் பார்த்துவிட்டு, "மீதி பூச்சியம் அண்ணா" என்றது. பின்னால் நீள வரிசை. அம்மா எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகத் திரும்பக் கூடையில் அடுக்கினார். சப்பாத்தை மட்டும் கடைசி வரை கையில் வைத்திருந்தார்.

கம்பனிக்குப் போன் எடுத்தால், இரண்டாம் நாள் இரவு யாரோ ஒன்லைனில் பொருள் வாங்கியிருக்கிறார்களாம். "கோட் சரியாகத்தான் கொடுக்கப்பட்டிருக்கிறது, நாங்கள் ஒன்றும் செய்ய முடியாது" என்கிறார்கள். இது அவர்களுடைய சிஸ்டத்தை யாரோ ஹேக் பண்ணிய வேலை. காசை அவர்கள்தான் தர வேண்டும். நான் சொல்வது பிழையா?

பழைய கணக்கப்பிள்ளை:
தம்பி, 2024இல் கூட்டிய தோட்டத் தொழிலாளர் அடிப்படை நாட்சம்பளம் 1350 ரூபா. அந்தக் கணக்கில் உங்கள் அக்காவின் வவுச்சர் 7 நாளுக்கு மேல் பறித்த கொழுந்து. அவ்வளவையும் ஒரு படத்துக்குள் வைத்துக் காற்றில் அனுப்பியிருக்கிறீர்கள். வங்கியில் போட்டிருந்தால் பாஸ்புக்கில் வரி விழுந்திருக்கும், கேட்க ஒரு முகம் இருந்திருக்கும். இந்தக் கார்ட், கோட் எல்லாம் நமக்கு வேண்டாத வேலை.

பதுளை பவானி:
சுகு, கேட்கவே கஷ்டமாக இருக்கிறது. ஆனால் எடுத்த எடுப்பில் "கம்பனியை ஹேக் பண்ணிவிட்டார்கள்" என்று முடிவு கட்டாதீர்கள். வவுச்சர் கோட் என்பது பெயர் எழுதாத காசோலை மாதிரி. கடை உங்கள் முகத்தைப் பார்ப்பதில்லை, இலக்கத்தைத்தான் பார்க்கிறது. யார் முதலில் அடிக்கிறாரோ அவருக்கே காசு. உங்கள் குழுவில் எத்தனை பேர்?

தலவாக்கலை சுகு:
61 பேர். பெரியக்கா கல்யாணத்துக்குத் தொடங்கிய குழு. இரண்டு இலக்கம் யாருடையது என்று எனக்கே தெரியாது. ஆனால் எல்லாம் சொந்தக்காரர்தான்.

பழைய கணக்கப்பிள்ளை:
பெற்ற தாயை நம்பாமல் வவுச்சர் அனுப்பினார் அக்கா. நீங்கள் 61 பேரை நம்பினீர்கள்.

நோர்வூட் கேமர்:
ஐயா சொன்னது சுடுகிறது, ஆனாலும் கார்டே வேண்டாம் என்பதை ஏற்கமாட்டேன். நான் கேமுக்கு கூகுள் பிளே கார்ட் வாங்குகிறவன். கோட் கையில் வந்த அடுத்த நிமிடம் என் கணக்கில் ஏற்றிவிடுவேன். ஏற்றிய பிறகு அந்தக் கோட் செத்த பாம்பு, யார் கையில் கிடைத்தாலும் கடிக்காது. சுகு அண்ணா செய்த பிழை நாலு நாள் வைத்திருந்ததுதான். வேறொன்றும் இல்லை.

பதுளை பவானி:
பாதி சரி தம்பி. உடனே ஏற்றுவது, உடனே செலவழிப்பது இரண்டும் நல்லதுதான். அதற்கு இன்னொரு காரணமும் உண்டு. படத்தை யாருக்கும் அனுப்பாவிட்டாலும் கோட் திருட்டுப் போகலாம். 2017இல் கிஃப்ட்கோஸ்ட்பொட் என்று ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். கடைகளின் "மீதி பார்க்க" பக்கத்துக்குப் போய், கார்ட் இலக்கங்களை ஒன்றன்பின் ஒன்றாக அடித்துக்கொண்டே இருக்கும் ஒரு தானியங்கி நிரல் அது. காசு உள்ள இலக்கம் ஒன்று மாட்டினால் முடிந்தது. அந்த வகைத் திருட்டில் வாங்கியவர் மீது ஒரு பிழையும் இல்லை. கார்டுக்குரிய இரகசிய இலக்கத்தையும் (PIN) கேட்காமல், எத்தனை தரம் அடித்தாலும் தடுக்காமல் பக்கத்தைத் திறந்து வைத்திருக்கும் கம்பனியின் பிழை.

ஆனால் "ஏற்றிவிட்டேன், இனிப் பயமில்லை" என்று நினைக்காதீர்கள். அதன் பிறகு திருடனுக்கு வேண்டியது கோட் அல்ல, உங்கள் கணக்கு. 2015இல் அமெரிக்காவில் ஸ்டார்பக்ஸ் என்ற கோப்பிக் கடையின் செயலியில் காசு வைத்திருந்த சிலருடைய கணக்குக்குள் புகுந்து, இருந்த மீதியை எடுத்தார்கள். மீதி குறைந்ததும் வங்கிக் கார்டிலிருந்து தானாக நிரப்பும் வசதி இருந்ததால், எடுக்க எடுக்கத் தொட்டி நிரம்பியது. தங்கள் சிஸ்டத்தை யாரும் உடைக்கவில்லை, வேறு தளங்களில் கசிந்த பாஸ்வேர்டையே ஆட்கள் இங்கேயும் வைத்திருந்தார்கள் என்றது கம்பனி. தம்பி, உங்கள் கேம் பாஸ்வேர்டும் பேஸ்புக் பாஸ்வேர்டும் வேறு வேறா?

நோர்வூட் கேமர்:
…இப்போது மாற்றுகிறேன்.

தலவாக்கலை சுகு:
அப்படியென்றால் கம்பனிக்கும் பொறுப்பு இருக்கிறது என்று நீங்களே சொல்கிறீர்கள் அக்கா.

பதுளை பவானி:
இருக்கிறது. ஆனால் உங்கள் விடயத்தில் அதை நிரூபிக்க முடியாது, ஏனென்றால் கோடை நீங்களே 61 போன்களில் வைத்துவிட்டீர்கள். அமெரிக்காவின் மேரிலண்ட் மாநிலம் 2024இல் கிஃப்ட் கார்ட் திருட்டுக்கு எதிராக ஒரு சட்டம் கொண்டுவந்து, உறையைக் கிழிக்காமல் கார்ட் இலக்கத்தைப் பார்க்க முடியாதபடி பொதி செய்ய வேண்டும் என்றது. நாம் அனுப்பிய ஸ்க்ரீன்ஷொட்டுக்கு எந்த ஊர்ச் சட்டமும் உறை போடாது.

இன்னொன்றும் கேட்க வேண்டும். அந்த மின்னஞ்சல் கணக்கை யார் திறந்து கொடுத்தது? மலையகத்தில் பாதிப் பேருடைய மின்னஞ்சல் கொமியூனிகேசன் கடையில் பிறந்தது. பாஸ்வேர்ட் கடைக்காரருக்குத் தெரியும், பாஸ்வேர்ட் மறந்தால் கணக்கை மீட்கும் போன் இலக்கமும் கடைக்காரருடையது. கணக்குக்குச் சொந்தக்காரருக்குத்தான் ஒன்றும் தெரியாது. என்னைக் கேட்டால் முதல் ஓட்டை அங்கேதான்.

போட்டோகொப்பி அண்ணன்:
ஹட்டனில் 14 வருடமாகக் கடை வைத்திருக்கிறேன். இதைப் படித்துவிட்டுச் சும்மா போக முடியாது. தங்கச்சி, வெளிநாடு போகிறவர், ஓ.எல். ரிசல்ட் பார்க்க வருகிற பிள்ளை, எல்லாரும் அவசரத்தில்தான் வருகிறார்கள். "அண்ணே, ஒரு ஈமெயில் போட்டுத் தாங்க, நாளைக்கே வேணும்." கையில் பட்டன் போன், அதிலும் சார்ஜ் இல்லை. சரிபார்க்கும் இலக்கம் என் போனுக்கு வராமல் யாருடைய போனுக்கு வரும்? பாஸ்வேர்டைத் துண்டில் எழுதிக் கொடுத்தால் ஒரு மாதத்தில் தொலைத்துவிட்டு என்னிடமே வருகிறார்கள். அதனால் ஒரு சீ.ஆர். கொப்பியில் எழுதி வைத்திருக்கிறேன். அந்தக் கொப்பி இல்லாவிட்டால் எத்தனை பேர் விசா மெயிலைப் பார்த்திருக்கமாட்டார்கள் தெரியுமா? உதவி செய்தவனையே திருடன் ஆக்காதீர்கள்.

பதுளை பவானி:
அண்ணா, உங்களைத் திருடன் என்று நான் சொல்லவில்லை. கொப்பியைப் பற்றித்தான் சொன்னேன். நீங்கள் மத்தியானம் சாப்பிடப் போகும்போது கடையில் யார் இருக்கிறார்கள்?

போட்டோகொப்பி அண்ணன்:
வேலைக்கு ஒரு பையன். நல்ல பையன்.

பதுளை பவானி:
அவனுக்கு முன் இருந்த பையன்?

போட்டோகொப்பி அண்ணன்:
சரி, விளங்குகிறது. ஆனால் மாற்றுவழியையும் சொல்லுங்கள். "பாஸ்வேர்டுக்கு மேல் போனுக்கு வரும் இலக்கத்தையும் கேட்கும் இரண்டாம் அடுக்குப் பூட்டு போடு" என்று கொழும்பில் உட்கார்ந்து சொல்வது லேசு. எங்கள் பக்கத்துத் தோட்டங்களில் மழை பெய்தால் சிக்னல் இல்லை. ஓ.டி.பி., அதுதான் அந்த ஒருமுறை இலக்கம், வர முன்னமே அதன் நேரம் முடிந்துவிடுகிறது. அப்புறம் இன்னொரு கதை: ரீலோட் போடாமல் விட்ட சிம்மை வெட்டிவிடுவார்கள், அந்த இலக்கம் பிறகு வேறு யாருக்கோ போகும். ஓ.டி.பி. போய் விழுவது அந்த ஆளுடைய போனில். இதுவா பாதுகாப்பு?

பதுளை பவானி:
நான் கொழும்பில் இல்லை அண்ணா, பதுளையில் வீட்டிலிருந்துதான் வேலை செய்கிறேன், எங்கள் வீட்டிலும் சிக்னலுக்கு மாடிப்படிக்குத்தான் போக வேண்டும். நீங்கள் சொன்ன இரண்டும் எஸ்.எம்.எஸ். வழியில் உள்ள குறை. அதனால்தான் ஒதென்டிகேட்டர் செயலி என்கிறேன். அது காட்டும் 6 இலக்கத்துக்கு டவரும் வேண்டாம், டேட்டாவும் வேண்டாம். தொடங்கும்போது கணக்கும் போனும் ஒரு இரகசியத்தைப் பகிர்ந்துகொள்கின்றன. அப்புறம் அந்த இரகசியத்தையும் நேரத்தையும் வைத்து 30 விநாடிக்கு ஒரு இலக்கத்தைப் போனே கணக்குப் போட்டுக்கொள்ளும். பறக்கும் பயன்முறையில் போட்டுவிட்டுப் பாருங்கள், அப்போதும் மாறிக்கொண்டே இருக்கும்.

நோர்வூட் கேமர்:
உண்மை, இப்போதுதான் போட்டுப் பார்த்தேன். ஆனால் போன் தொலைந்தால்? என் கூட்டாளி ஒருவன் போனை ஆற்றில் போட்டுவிட்டு இரண்டு மாதம் கணக்குக்குள் போக முடியாமல் அலைந்தான்.

பதுளை பவானி:
அதற்குத்தான் கூகுள் 10 மாற்றுக் கோட்கள் தருகிறது, ஒவ்வொன்றும் 8 இலக்கம், ஒன்றை ஒரு தரம்தான் பாவிக்கலாம். காகிதத்தில் எழுதி, பிறப்புச் சான்றிதழும் பாஸ்புக்கும் இருக்கிற பெட்டியில் வையுங்கள். லயத்தில் கூரை ஒழுகும் வீடாக இருந்தால் பொலித்தீனில் சுற்றுங்கள். அதைப் போனில் படம் எடுத்து வைப்பவரோடு நான் பேசமாட்டேன்.

பழைய கணக்கப்பிள்ளை:
ஆக, ஆயிரம் படி ஏறி இறங்கி, கடைசியில் காகிதத்துக்கும் தகரப் பெட்டிக்கும்தான் வந்து நிற்கிறீர்கள். நான் முதலிலேயே சொன்னேன்.

போட்டோகொப்பி அண்ணன்:
ஐயா, பாஸ்புக்கோடு பெட்டியையே தூக்கிக்கொண்டு போன கதை நம் தோட்டத்தில் இல்லையா?

தலவாக்கலை சுகு:
எல்லாரும் சண்டை பிடிப்பதை நிறுத்துங்கள், ஒரு விடயம் கிடைத்தது. பவானி அக்கா தனியாகச் சொன்னபடி கூகுள் கணக்கில் பாதுகாப்பு, அதற்குள் "உங்கள் சாதனங்கள்" என்ற இடத்தைத் திறந்து பார்த்தேன். என் போன் இருக்கிறது. அதற்குக் கீழே ஒரு விண்டோஸ் கணினி. எனக்குக் கணினியே இல்லை! அரை மணித்தியாலம் யோசித்த பிறகுதான் நினைவு வந்தது. ஓகஸ்டில் வேலை விண்ணப்பம் ஒன்றைப் பிரிண்ட் எடுக்க, நுவரெலியாவில் ஒரு கடையில் மெயிலைத் திறந்தேன். பஸ் வந்துவிட்டது என்று எழுந்து ஓடினேன், வெளியேறவில்லை. அன்று முதல் அந்தக் கணினியில் என் மெயில் திறந்தபடியே இருந்திருக்கிறது. அக்கா அனுப்பிய வவுச்சர் உட்பட.

போட்டோகொப்பி அண்ணன்:
ஹட்டன் கடை இல்லையே?

தலவாக்கலை சுகு:
இல்லை அண்ணா, பயப்படாதீர்கள். ஆனாலும் அந்தக் கடையில் எடுத்தார்களா, எங்கள் குழுவில் எடுத்தார்களா என்று இப்போதும் தெரியாது. இரண்டு கதவையும் நான்தான் திறந்து வைத்திருக்கிறேன். கம்பனியைத் திட்டியதில் பாதியைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். மற்றப் பாதியை எடுக்கமாட்டேன். வாங்கிய பொருள் எந்த முகவரிக்குப் போனது என்று அவர்களுக்குத் தெரியும், கேட்டால் சொல்கிறார்கள் இல்லை.

பதுளை பவானி:
உங்களுக்குச் சொல்லமாட்டார்கள், பொலிஸ் கேட்டால் கொடுக்க வேண்டி வரும். அனுமதியில்லாமல் இன்னொருவர் கணக்குக்குள் போவது இலங்கையின் 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டப்படி குற்றம். அக்காவிடம் வாங்கிய பற்றுச்சீட்டு, கோட் வந்த மெயில், கம்பனி சொன்ன நேரம், அந்தச் சாதனப் பட்டியலின் படம், இவ்வளவையும் எடுத்துக்கொண்டு போய் முறைப்பாடு போடுங்கள். பட்டியலைப் படம் எடுத்த பிறகு அந்தக் கணினியை வெளியேற்றுங்கள், முதலில் வெளியேற்றிவிட்டால் பிறகு அது பட்டியலிலிருந்து மறைந்துபோகலாம். காசு திரும்பி வரும் என்று நான் வாக்குக் கொடுக்கவில்லை.

நோர்வூட் கேமர்:
10,000 ரூபாவுக்குப் பொலிஸ் அசைவார்களா அக்கா? பஸ் காசுதான் நட்டம்.

பழைய கணக்கப்பிள்ளை:
போகட்டும் தம்பி. முறைப்பாட்டுப் புத்தகத்தில் ஒரு வரி விழட்டும். அடுத்து வருகிறவனுக்கு அது இரண்டாவது வரி.

தலவாக்கலை சுகு:
படம் எடுத்தேன், வெளியேற்றினேன், பாஸ்வேர்ட் மாற்றினேன், 10 கோட்களையும் எழுதி அம்மாவின் பெட்டியில் வைத்தேன். திங்கட்கிழமை பொலிசுக்குப் போகிறேன். அக்காவிடமும் சொல்லிவிட்டேன். அழுதார், அப்புறம் திட்டினார். பொங்கலுக்கு மறுபடி வவுச்சர்தானாம், ஆனால் கோடை யாருக்கும் அனுப்பமாட்டாராம். அம்மா கூடையோடு காசு கட்டும் இடத்தில் நிற்கும்போது போன் எடுத்து வாயால் சொல்வாராம்.

போட்டோகொப்பி அண்ணன்:
அந்தக் கடைக்குள் சிக்னல் இருக்கிறதா என்று முன்கூட்டியே ஒரு தரம் போய்ப் பார்த்துவிடுங்கள்.