புதுப்பிப்பு: இரண்டு பழைய ஜீப்புகளைச் சேர்த்துக் கட்டிய டிரக், நான்கு சக்கர இயக்கத்தில் இறுகுவது நின்றது

நான்கு சக்கர இயக்கத்தில் நேர்கோட்டில் ஓட்டினாலே டிரான்ஸ்பர் கேஸ் (எஞ்சின் விசையை முன், பின் ஆக்சில்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) இறுகி, அந்த இயக்கத்தைப் போடும் நெம்புகோல் விடுபட மறுக்கிறது, ஏன் என்று கேட்டிருந்தேன். ஒன்றின் சட்டகமும் பின் ஆக்சிலும், மற்றதன் எஞ்சின், டிரான்ஸ்பர் கேஸ், முன் ஆக்சிலும் சேர்ந்த வண்டி இது. பதில் சொன்ன அனைவருக்கும் நன்றி.

டிரான்ஸ்பர் கேஸைப் பிரிப்பதற்கு முன்னால், இரண்டு ஆக்சில்களின் விகிதங்களையும் (சக்கரம் ஒரு சுற்று சுற்ற, அதை இயக்கும் ஷாஃப்ட் எத்தனை சுற்று சுற்றுகிறது என்பது) பாருங்கள் என்ற யோசனைதான் சரி. கியரை நியூட்ரலில் வைத்து, ஒரு பின்சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கி இரண்டு சுற்று சுற்றினால், ஆக்சிலுக்கு விசை கொண்டுவரும் புரொப்பெல்லர் ஷாஃப்ட் சுற்றும் எண்ணிக்கையே விகிதம். (மறுபக்கச் சக்கரம் நிலத்தில் நிற்பதால்தான் இரண்டு சுற்று. முட்டுக்கட்டை கட்டாயம்.) முன்பக்கத்தையும் அப்படியே பார்த்தேன். பின்னால் நான்குக்குச் சற்று மேல், முன்னால் நான்குக்குக் குறைவு. ஆக்சில்களின் மூடியைத் திறந்து உள்ளே இருக்கும் பெரிய, சிறிய பல்சக்கரங்களின் பற்களை எண்ணியதில் பின்னால் 41-க்கு 10, அதாவது 4.10, முன்னால் 41-க்கு 11, அதாவது 3.73. இந்த வேறுபாட்டோடு முன், பின் ஷாஃப்ட்டுகள் வெவ்வேறு வேகத்தில் சுற்றப் பார்க்கும்; இரண்டையும் ஒன்றாகப் பூட்டும் டிரான்ஸ்பர் கேஸ் இறுகத்தான் செய்யும்.

முன் ஆக்சில் வந்த இரண்டாம் வண்டியின் பின் ஆக்சிலையே மாற்றிப் பொருத்தினேன். சேற்றில் இப்போது அருமையாக இழுக்கிறது, நெம்புகோலும் இலகுவாக விடுபடுகிறது. எதிர்பாராத ஒன்று: ஏறத்தாழ 10 சதவீதம் கூடுதலாகக் காட்டிவந்த ஸ்பீடோமீட்டரும் சரியாகிவிட்டது. ஹேண்ட்பிரேக் கேபிள் மட்டும் நீளம் போதவில்லை. பழைய ஆக்சிலோடு வந்த கேபிளைக் கழற்றி எறிந்துவிடாதீர்கள்.