புதுப்பிப்பு: வெள்ளவத்தை அலுவலக நெட்வேர்க் ஸ்கேன், அனுமதிக் கடிதத்தோடு முடிந்தது

உதவிய எல்லோருக்கும் நன்றி. கேள்வி இதுதான்: ஒரு அலுவலகம் தன் நெட்வேர்க்கைச் சோதிக்கச் சொல்கிறது, ஆனால் அதே ரவுட்டரில் பக்கத்து நிறுவனமும் இருக்கிறது. வாய்ச்சொல் அனுமதி போதுமா?

போதாது. இலங்கையின் 2007ஆம் ஆண்டு 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டம், 3ஆம் பிரிவு: அதிகாரமின்றிக் கணினியை அணுகுவதே குற்றம், 5 வருடம் வரை சிறை, 1 இலட்சம் ரூபாய் வரை தண்டம், அல்லது இரண்டும். ஸ்கேனில் போர்ட் (கணினிச் சேவைகள் இணைப்பை ஏற்கும் எண்ணிட்ட வாயில்) திறந்திருக்கிறதா என்று பார்ப்பது மட்டும் 'அணுகல்' ஆகுமா என்று வாதாடலாம். அந்த வாதத்தை அடுத்தவரின் கணினியில் சோதித்துப் பார்ப்பது முறையல்ல.

கைகொடுத்தது எழுத்து அனுமதி யோசனைதான். உரிமையாளர் கையொப்பம், ஐபி முகவரிகள் ஒவ்வொன்றாக, நாள், நேரம், அவசரத் தொலைபேசி எண் எல்லாம் கடிதத்தில். பக்கத்து நிறுவனத்தின் முகவரிகளை என்மேப் (Nmap) என்ற ஸ்கேன் கருவியின் விலக்குப் பட்டியலில் போட்டு, ஸ்கேன் வேகத்தையும் குறைத்தோம்.

எதிர்பாராதது ஒன்று. கடிதத்தில் இருந்த பொது ஐபி (இணையத்தில் அலுவலக இணைப்பைக் காட்டும் முகவரி) நிலையானது அல்ல. முதல்நாள் கரண்ட் போய் ரவுட்டர் திரும்ப எழும்பியபோது மாறிவிட்டது. பழைய எண்ணுக்கு ஓடவிட்டிருந்தால் யாரோ முன்பின் தெரியாதவரின் வீட்டு இணைப்பைத் தட்டியிருப்போம். ஸ்கேனுக்குச் சற்று முன் அந்த ரவுட்டர் பக்கத்திலேயே முகவரியைப் பாருங்கள். மாறியிருந்தால் கடிதத்தைத் திருத்திக் கையொப்பம் வாங்குங்கள்.

பிரிண்டர் இருந்தால், அது அச்சு வேலைகளை ஏற்கும் 9100 போர்ட்டைத் தொடாதீர்கள். வர்ஷன் சோதனையில் (போர்ட்டில் எந்த மென்பொருள், எந்தப் பதிப்பு ஓடுகிறது என்று பார்ப்பது) என்மேப் வழக்கமாக அதைத் தவிர்க்கும். வற்புறுத்தினால் சோதனை வரிகள் தாளில் அச்சாகி வரும்.