மோரிஸ் மைனரில் டைனமோவை எடுத்துவிட்டு ஆல்டர்னேட்டர் பொருத்துவது பற்றி

கோவை மைனர்:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டில் 1960ஆம் ஆண்டின் மோரிஸ் மைனர் 1000, 948 சிசி எஞ்சினுடன், இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது. பகலில் எந்தத் தொந்தரவும் இல்லை. ஆனால் இரவில் விளக்குகளைப் போட்டுக்கொண்டு அவிநாசி சாலை நெரிசலில் நின்று நின்று வீடு திரும்பினால், மறுநாள் காலையில் வண்டியைத் தள்ளித்தான் எடுக்க வேண்டியிருக்கிறது. சென்ற ஆண்டு ஹெட்லைட்டுகளுக்கு 55 வாட் ஹாலஜன் பல்புகளைப் போட்டதற்குப் பிறகுதான் இது தொடங்கியது. பேட்டரியை சார்ஜ் செய்யும் டைனமோ போய்விட்டது என்றும், அதே வேலையைச் செய்யும் புதிய வகையான ஆல்டர்னேட்டரை, சிறிய கார் ஒன்றிலிருந்து எடுத்து மாட்டிவிடலாம் என்றும் எங்கள் எலக்ட்ரீஷியன் சொன்னார். வண்டி பாசிட்டிவ் எர்த் (பேட்டரியின் பாசிட்டிவ் முனை வண்டியின் உடலோடு இணைந்தது) என்று நான் சொன்னதும் தயங்கி நின்றுவிட்டார். இதைச் செய்து பார்த்தவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

பழைய இரும்பு:

வணக்கம் தம்பி. ஆல்டர்னேட்டரை வாங்குவதற்கு முன் டைனமோ உண்மையிலேயே போய்விட்டதா என்று பார்த்துவிடுங்கள், அதற்கு ஒரு வோல்ட் மீட்டரும் பத்து நிமிடமும் போதும். டைனமோவின் டி, எஃப் என்ற இரண்டு முனைகளிலிருந்தும் வயர்களைக் கழற்றி, அந்த முனைகள் இரண்டையும் ஒரு துண்டு வயரால் இணைத்து, அதற்கும் எர்த்துக்கும் இடையே மீட்டரை வைத்து, எஞ்சினை மெதுவாக ஏற்றுங்கள். நிமிடத்துக்குச் சுமார் 1000 சுற்றுக்குள்ளாகவே மீட்டர் தடங்கலின்றி 20 வோல்ட் பக்கம் ஏறினால் டைனமோ நன்றாக இருக்கிறது. அதற்கு மேல் எஞ்சினை உறும விட வேண்டாம். அரை வோல்ட், ஒரு வோல்ட் என்று நின்றுவிட்டால் ஃபீல்டு சுற்றில் (காந்தப் புலம் தரும் கம்பிச்சுருளில்) கோளாறு. நான்கைந்து வோல்ட்டில் நின்றால் உள்ளே சுழலும் ஆர்மேச்சரில் கோளாறு. ஒன்றுமே காட்டாவிட்டால் முதலில் கார்பன் பிரஷைப் பாருங்கள்.

உங்கள் டைனமோ தேறிவிடும் என்றே நினைக்கிறேன், ஏனென்றால் கணக்கு வேறொன்றைச் சொல்கிறது. ஹாலஜன் இரண்டும் சேர்ந்து 110 வாட், அதாவது 9 ஆம்பியருக்கு மேல். பின் விளக்குகள், ஸ்பார்க்குக்கான இக்னிஷன் காயில், பெட்ரோல் பம்ப், மழையென்றால் வைப்பர் என எல்லாம் சேர்ந்தால் 17, 18 ஆம்பியரை நெருங்கிவிடும். லூகாஸ் சி40 டைனமோ தருவதே அதிகபட்சம் 22 ஆம்பியர்தான், அதுவும் வண்டி வேகமாக ஓடும்போது. ஐடிலில் (வண்டி நின்றபடி எஞ்சின் மெதுவாக ஓடும்போது), டைனமோவைப் பேட்டரியுடன் இணைக்கும் கட்-அவுட் சுவிட்ச் திறந்துகொள்வதால் பேட்டரிக்கு எதுவும் போவதில்லை. சிக்னலில் நிற்கும் ஒவ்வொரு நிமிடமும் பேட்டரி தன் கையிருப்பிலிருந்துதான் செலவழிக்கிறது. எனவே ஹாலஜனும் நகர நெரிசலும் தொடரப் போகின்றன என்றால் ஆல்டர்னேட்டர் நியாயமான தேவைதான்.

எலக்ட்ரீஷியன் தயங்கியது சரியே. பாசிட்டிவ் எர்த்தில் சாதாரண ஆல்டர்னேட்டரை மாட்டினால் அதன் டையோடுகள் (மின்சாரத்தை ஒரே திசையில் மட்டும் விடுபவை) அந்த நொடியிலேயே போய்விடும். முதலில் பேட்டரியைத் திருப்பி நெகட்டிவ் எர்த்தாக்குங்கள். பாசிட்டிவ் முனை சற்றுப் பருமனாக இருக்கும் என்பதால் பழைய கிளாம்புகள் மாறிப் பொருந்தாது; புதியவற்றைப் போட்டுவிடுங்கள். காயிலின் இரண்டு சிறிய வயர்களையும் இடம் மாற்ற வேண்டும். ஸ்டார்ட்டர் மோட்டார் எப்போதும்போல அதே திசையில்தான் சுற்றும். எஸ்யு பெட்ரோல் பம்புக்குள் யாராவது டையோடு வைத்திருக்கிறார்களா, பழைய ரேடியோ இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். இருந்தால் அவற்றைக் கழற்றும் வரை பேட்டரியைத் தொட வேண்டாம்.

அடுத்து ஆர்பி106 கட்-அவுட் பெட்டி. அதை ஃபயர்வாலிலேயே (எஞ்சினுக்குப் பின்னுள்ள தடுப்பிலேயே) விட்டுவிடலாம், பார்வைக்குப் பழையபடி இருக்கும். வேலை மட்டும் இராது. ஏ, ஏ1 முனைகளுக்கு வரும் வயர்களை ஒன்றாக இணையுங்கள். டி முனையில் இரண்டு வயர்கள் இருக்கும். மெல்லியது டேஷ்போர்டில் சார்ஜைக் காட்டும் சிவப்பு விளக்கிலிருந்து வருவது. அதை எஃப் வயருடன் சேர்த்தால், அந்த எஃப் வயரின் மறுமுனையே ஆல்டர்னேட்டரின் விளக்கு முனைக்குப் போகும். தடித்த வயரை இருபுறமும் நன்றாக டேப் சுற்றி ஓரங்கட்டிவிட்டு, ஆல்டர்னேட்டரிலிருந்து ஸ்டார்ட்டர் சுவிட்சில் பேட்டரி வயர் சேரும் முனைக்கு 6 சதுர மில்லிமீட்டருக்குக் குறையாத புதிய வயரை நேராக இழுங்கள்.

கட்-அவுட் ரசிகன்:

மேலே ஐயா சொன்ன கணக்கில் பிழையில்லை, முடிவில்தான் எனக்கு உடன்பாடில்லை. அறுபது ஆண்டுக்கும் மேல் உழைத்த டைனமோவை இரண்டு பல்புகளுக்காகக் கழற்றுவானேன்? பழைய பல்புகளையே திரும்பப் போட்டு, பின்மூடியில் உள்ள துளையில் சில சொட்டு எஞ்சின் ஆயில் விட்டு (யாருமே விடுவதில்லை, பின்பக்க புஷ் தேய்வது அதனால்தான்), பிரஷை மாற்றினால் இன்னும் பல காலம் ஓடும். நெகட்டிவ் எர்த் மட்டும் வேண்டுமென்றால் டைனமோவை வைத்துக்கொண்டே அதையும் செய்யலாம்: பேட்டரியைத் திருப்பியபின், டைனமோவில் எஃப் வயரைக் கழற்றிய முனையில் பேட்டரியின் பாசிட்டிவை ஓரிரு நொடி தொட்டு எடுத்தால் போதும், டைனமோ புதிய திசைக்குப் பழகிவிடும்.

பழைய இரும்பு:

கண்காட்சிக்குப் போகும் வண்டியென்றால் நானும் அதையே சொல்வேன். தம்பி இரவில் ஓட்டுகிறார். எதிரே வருவது தெரிய வேண்டுமே.

சொல்ல விட்டது ஒன்று: டைனமோ நீளமானது, ஆல்டர்னேட்டர் குட்டை. பின் பிராக்கெட்டில் விழும் இடைவெளிக்கு லேத்தில் ஒரு ஸ்பேசர் கடைந்து வாங்குங்கள், வாஷர்களை அடுக்கி ஒப்பேற்ற வேண்டாம். கிராங்க், வாட்டர் பம்ப், ஆல்டர்னேட்டர் ஆகிய மூன்று புல்லிகளும் ஒரே கோட்டில் நிற்க வேண்டும்.

கோவை மைனர்:

இருவருக்கும் நன்றி. சோதித்துப் பார்த்ததில் டைனமோ 20 வோல்ட் காட்டியது, ஆக அது நல்ல நிலையில்தான் இருந்திருக்கிறது. ஆனாலும் ஆல்டர்னேட்டரையே போட்டுவிட்டேன். டைனமோ துணியில் சுற்றப்பட்டு அலமாரியில் பத்திரமாக இருக்கிறது.

முதல் நாள் எல்லாம் சரியாக மாட்டியும் சார்ஜ் ஏறவில்லை. ஆல்டர்னேட்டரே பழுது என்று எலக்ட்ரீஷியன் கழற்றப் போனார். பார்த்தால் டேஷ்போர்டின் சிவப்பு விளக்கு பல்பு எரிந்துபோயிருந்தது. அந்தப் பல்பின் வழியாக வரும் சிறு மின்சாரம்தான் ஆல்டர்னேட்டரை முதலில் எழுப்பிவிடுகிறது என்பது எங்கள் இருவருக்குமே அதுவரை தெரியாது. 2.2 வாட் பல்பு ஒன்றை மாற்றியதும், ஹெட்லைட் எரியும்போதே, ஐடிலில் மீட்டர் 13.9 வோல்ட் காட்டியது. நேற்றிரவு லட்சுமி மில்ஸ் சிக்னலில் இரண்டு முறை நின்றேன். விளக்குகள் மங்கவில்லை.