க்யூஆர் வைத்த சின்னக் கடையில் காசு எங்கே கசிகிறது? அனுபவப் பகிர்வு

மளிகைக் கடை, சேலம்:

யுபிஐ-யில் வரும் பணத்துக்கு 2020 ஜனவரியிலிருந்து கடைக்காரரிடம் கமிஷன் பிடிப்பதில்லை. ஆனால் வாடிக்கையாளர் தன் வங்கிக் கணக்கிலிருந்து நேராக அனுப்பும் பணத்துக்கு மட்டும்தான் இது. ரூபே கிரெடிட் கார்டை யுபிஐ-யில் இணைத்து 2,000 ரூபாய்க்கு மேல் கட்டினால் கடைக்காரர் பங்கில் பிடித்தம் உண்டு. பெரிய பில் போடும் கடைகள் வாரம் ஒருமுறையாவது ஆப்பில் வந்த தொகையையும் வங்கியில் ஏறிய தொகையையும் ஒத்துப் பார்ப்பது நல்லது.

பலரும் கணக்கில் எடுக்காத செலவு, பணம் வந்ததைக் குரலில் சொல்லும் ஸ்பீக்கர் பெட்டியின் வாடகை. மாதம் 125 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். தினம் 3,000 ரூபாய் யுபிஐ-யில் வந்தால் மாதம் 90,000. வாடகை அதில் நூற்றுக்குப் பதினான்கு பைசாகூட இல்லை. தினம் 300 ரூபாய்தான் வருகிறது என்றால் மாதம் 9,000. அப்போது நூற்றுக்கு 1 ரூபாய் 39 பைசா போகிறது. பீடி, சிகரெட், பால் பாக்கெட் விற்கும் பெட்டிக்கடையின் லாபமே நூற்றுக்குச் சில ரூபாய்தான், அதில் இது பெரிய வெட்டு. அந்த அளவு வியாபாரத்துக்குக் கைபேசியில் வணிகர் ஆப்பின் குரல் அறிவிப்பே போதும்.

ஸ்பீக்கர் சர்வீஸ், மதுரை:

மேலே போட்ட கணக்கு சரி. ஆனால் கூட்டமான நேரத்தில் ஸ்பீக்கர் இல்லாமல் ஓட்டுவது கஷ்டம், டீக்கடைக்கு அது அவசியம். பெட்டிக்குள்ளேயே சிம் இருக்கிறது, உங்கள் போனில் நெட் இல்லாவிட்டாலும் பேசும். இரும்பு ரேக்குக்கு அடியிலோ கல்லாப்பெட்டிக்குள்ளோ வைத்தால் சிக்னல் கிடைக்காமல் தாமதமாகப் பேசும், சில சமயம் பேசாமலே போகும். ஸ்பீக்கர் பேசவில்லை என்பதால் பணம் வரவில்லை என்று முடிவு கட்டாதீர்கள். முதலில் உங்கள் ஆப்பைத் திறந்து பாருங்கள், பிறகு பெட்டியை அணைத்துப் போடுங்கள்.

வாடிக்கையாளர் நீட்டும் பச்சை டிக் ஆதாரமே அல்ல. அதே மாதிரி திரையைக் காட்டும் போலி ஆப்கள் உண்டு. 12 இலக்கப் பரிவர்த்தனை எண் உங்கள் ஆப்பில் இருந்தால்தான் பணம் வந்ததாக அர்த்தம்.

பெட்டியைத் திருப்பிக் கொடுக்கும்போது எழுத்தில் ஒப்புகை வாங்குங்கள். வாடகை பெரும்பாலும் அன்றாட வசூலிலிருந்தோ, வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் பிடிக்கும் ஆட்டோபேயிலோ கழிகிறது. பெட்டி போன பிறகும் கழிந்துகொண்டே இருப்பதை நிறையக் கடைகளில் பார்க்கிறோம்.

கணக்கு எழுதுபவர், ஈரோடு:

வரி பயத்தைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். 2025 ஜூலையில் கர்நாடக வணிக வரித் துறை யுபிஐ வரவை வைத்துச் சின்ன வியாபாரிகளுக்கு நோட்டீஸ் அனுப்பியது. உடனே பெங்களூரில் பல கடைகள் க்யூஆரைக் கழற்றிவிட்டு ரொக்கம் மட்டும் என்று எழுதி ஒட்டின. அதனால் பயன் இல்லை. ரொக்கமும் விற்றுமுதலில் சேரும், பழைய வரவு அழியாது.

ஜிஎஸ்டி பதிவுக்கு வரம்பு, பொருள் விற்பனைக்கு ஆண்டுக்கு 40 லட்சம், அதாவது தினம் சுமார் 10,950 ரூபாய். ஓட்டல், டீக்கடை சேவையில் வருகிறது. வரம்பு 20 லட்சம், தினம் சுமார் 5,480 ரூபாய். இந்த இரண்டாவது எண்ணைத்தான் டீக்கடைக்காரர்கள் தவறவிடுகிறார்கள். காய்கறி, பால் போல வரியில்லாத பொருள் மட்டுமே விற்பவருக்குப் பதிவு தேவையில்லை. ஆனால் நோட்டீஸ் வந்தால் நிரூபிக்க மண்டிச் சீட்டு வேண்டும், அதைக் குப்பையில் போடாதீர்கள். கூடவே வரியுள்ள பொருளும் விற்றால், வரியில்லாத விற்பனையும் சேர்த்துத்தான் வரம்பு கணக்கிடப்படும்.

அதைவிடப் பெரிய சிக்கல், சீட்டுப் பணம், கைமாற்று, மச்சான் அனுப்பியது எல்லாம் கடை க்யூஆர் கணக்கிலேயே விழுவது. அதிகாரி பார்வைக்கு எல்லாமே விற்பனை. கடைக்கென்று தனிக் கணக்கு வையுங்கள்.

வருமான வரியில் சின்ன வியாபாரிகளுக்கான உத்தேச லாப முறையில் ரொக்க விற்பனைக்கு 8 சதவீதமும் வங்கி வழி வந்ததற்கு 6 சதவீதமும் லாபமாகக் காட்டலாம். 30 லட்சம் விற்றுமுதலுக்கு 2.4 லட்சமா 1.8 லட்சமா என்பதுதான் வித்தியாசம். புதிய வருமான வரி முறையில் 12 லட்சம் வரை வரி கட்ட வேண்டியதில்லை என்பதால், வேறு வருமானம் இல்லாத சின்னக் கடைக்கு இதில் கூடுதல் லாபம் கிடையாது. ஆனால் கடன் கேட்கப் போகும்போது இப்படித் தாக்கல் செய்த வருமான வரி ரிட்டர்ன் உதவும்.

வங்கியில் வேலை பார்த்தவர், திருச்சி:

வாடிக்கையாளருக்குப் பணம் கழிந்து கடைக்கு வராவிட்டால், 5 நாளுக்குள் அது அவர் கணக்குக்குத் தானாகத் திரும்ப வேண்டும். தாமதமானால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு. 2019-லேயே ரிசர்வ் வங்கி போட்ட விதி. அதனால் "கழிந்துவிட்டதே" என்று சொல்பவரிடம் சண்டை வேண்டாம், எண்ணைக் குறித்துக்கொண்டு ரொக்கமாக வாங்குங்கள்.

இன்னொன்று கணக்கு முடக்கம். திருட்டுப் பணத்தை யாரோ உங்கள் கடையில் செலவழித்தால், எங்கோ ஒரு மாநில சைபர் கிரைம் புகாரால் உங்கள் கணக்கே நின்றுபோகும். வங்கியில் புகார் எண், காவல் நிலையம், சர்ச்சைத் தொகை மூன்றையும் எழுத்தில் கேளுங்கள். 800 ரூபாய்ச் சர்ச்சைக்கு முழுக் கணக்கையும் முடக்காமல் 800-ஐ மட்டும் நிறுத்தி வைக்கும்படி மனு கொடுங்கள், அன்றைய பில்லையும் இணையுங்கள். தொகை குறிப்பிடாமல் முழுக் கணக்கையும் முடக்கக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024-ல் சொல்லியிருக்கிறது.

சரக்குக்குக் கொடுக்க வேண்டிய பணத்தை அதே கணக்கில் தேக்கி வைக்காமல், வாரம் இரண்டு முறையாவது வேறு வங்கிக்கு மாற்றிவிடுங்கள்.

மளிகைக் கடை, சேலம்:

தனிக் கணக்கு, வாராந்தர மாற்றம் இரண்டோடு இதையும் சேர்க்கிறேன். வெளியே ஒட்டிய க்யூஆர் மேல் வேறு ஸ்டிக்கர் ஒட்டிப்போவது நடக்கிறது. காலையில் கடை திறந்ததும் வீட்டில் உள்ள வேறு போனில் ஸ்கேன் செய்து, கடைப் பெயர்தான் வருகிறதா என்று பாருங்கள். ஒரு ரூபாய் போட்டால் ஸ்பீக்கரும் சோதனை ஆகிவிடும்.