கேப்டன் விஜயகாந்தை நேரில் பார்த்தவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

மணிமுத்தாறு:
2021 தேர்தல் நேரம். விருத்தாசலத்தில் அவர் மனைவி பிரேமலதா நின்றார், கேப்டன் வேனில் வந்தார். பேசவில்லை, கையை மட்டும் அசைத்தார். பக்கத்தில் ஒரு பெரியம்மா, "ஒரு வார்த்தை பேசு சாமி, ஒரே வார்த்தை" என்று வேன் கூடவே ஓடினார். 2006இல் பாமக கோட்டை என்றார்களே, அதே ஊரில் தனியாக நின்று ஜெயித்த மனுஷன். அன்றைக்குத் தொண்டை கிழியப் பேசியதைக் கேட்டவன் நான். இன்னும் மனசு ஆறவில்லை. 2011இல் அதிமுக கூட்டணிக்குப் போயிருக்கவே கூடாது.

கோடம்பாக்கத்தான்:
இதை ஏற்க முடியாது நண்பரே. 2011இல் 41 இடத்தில் நின்று 29 ஜெயித்தார். திமுகவுக்கு 23தான். தேமுதிக ஆரம்பித்து ஆறே வருஷத்தில் எதிர்க்கட்சித் தலைவர்! கெட்டது 2016இல்தான். முதல்வர் வேட்பாளராக நின்று உளுந்தூர்பேட்டையில் டெபாசிட்டும் போனது, கட்சிக்கு ஒரு இடம்கூட இல்லை. நான் பார்த்தது கட்சிக்கு முந்தின காலம். வாய்ப்புத் தேடி அலைந்தபோது தி.நகர் ராஜபாதர் தெரு ஆபீசில் சாப்பிட்டிருக்கிறேன். யார் நீ என்று ஒருத்தரும் கேட்கவில்லை. "குழம்பு ஊத்துங்கப்பா, தம்பி வெறும் சோறு சாப்பிடுது" என்று உள்ளிருந்து ஒரு குரல். அவ்வளவுதான்.

தென்பெண்ணை:
2023 டிசம்பர் 29, கேப்டனுக்கு அஞ்சலி செலுத்த தீவுத்திடல் வரிசையில் நின்றேன். முன்னால் நின்றவர் காக்கிச் சட்டையோடு தேம்பிக்கொண்டிருந்தார். ஆட்டோவை எங்கே விட்டார் என்றே அவருக்கு நினைவில்லை.

அப்புறம், புதுக்கட்சிகளில் சேரத் துடிக்கும் தம்பிகளுக்கு ஒன்று. கடன் வாங்கி பேனர் வைக்காதீர்கள். உங்கள் வார்டில் கிளை இருக்கிறதா, பூத்தில் உட்கார ஆள் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். 2006இல் எட்டு சதவீதத்துக்கு மேல் வாக்கு வாங்கிய கட்சி தேமுதிக. ஆனால் எங்கள் ஊர்ச் சாவடியில் சாயங்காலம் வரை உட்கார ஏஜென்ட் இல்லை. வாக்காளர் பட்டியலை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போங்கள். செத்தவர் பெயர், ஊர் மாறியவர் பெயர் எல்லாம் குறித்து வையுங்கள். தேர்தல் அறிவித்த பிறகு அதற்கு நேரம் இருக்காது. பொறுப்பு கொடுக்கப் பணம் கேட்டால் அன்றைக்கே வெளியே வந்துவிடுங்கள்.

மணிமுத்தாறு:
கோடம்பாக்கத்தாருக்கு: 29 சரி, எத்தனை பேர் கடைசி வரை கூட இருந்தார்கள்? 2012இல் பால் விலை, பஸ் கட்டணப் பிரச்சினையில் சட்டமன்றத்தில் முட்டிக்கொண்டதோடு கூட்டணி முடிந்தது. அப்புறம் எம்எல்ஏக்கள் ஒவ்வொருவராக அந்தப் பக்கம் சாய்ந்தார்கள். தனியாக நின்றிருந்தால் ஐந்து பேர் ஜெயித்திருந்தாலும் அவருடைய ஆட்களாகவே இருந்திருப்பார்கள்.