புதுப்பிப்பு: சிவியரன்ஸ் திரும்பி வரும்வரை

ஊழியர்களின் அலுவலக நினைவையும் வீட்டு நினைவையும் தனித்தனியாகப் பிரித்துவிடும் கதை கொண்ட சிவியரன்ஸ் தொடரின் இரண்டாவது சீசன் 2025 மார்ச்சில் முடிந்ததும், மூன்றாவது வரும்வரை எதைப் பார்ப்பது என்று கேட்டிருந்தேன் அல்லவா? நீங்கள் சொன்னவற்றில் முதலிடம் ஹோம்கமிங் முதல் சீசனுக்குத்தான். பத்தே எபிசோட், ஒவ்வொன்றும் அரை மணி நேரம் போல. கதை 2022-இல் நடக்கும்போது படம் ஏறக்குறைய சதுரமாகச் சுருங்கி, இரு பக்கமும் கறுப்பாக நிற்கும்; 2018-க்குப் போனால் திரை முழுக்க விரியும். டிவியில் கோளாறு என்று ரிமோட்டைத் தேடாதீர்கள், காரணம் இருக்கிறது.

அப்புறம் கவுன்டர்பார்ட். ஜே.கே. சிம்மன்ஸுக்கு இரட்டை வேடம். தோள் நிற்கும் விதத்திலேயே அந்த இருவரில் எவர் வந்திருக்கிறார் என்று தெரிந்துவிடுகிறது.

டார்க் மூன்று சீசனில் ஒழுங்காக முடிந்த கதை, அந்தரத்தில் விடாது. டப்பிங் வேண்டாம், ஜெர்மனிலேயே பாருங்கள். டெவ்ஸ்? எட்டு எபிசோடும் பார்த்தேன், எனக்கு ஒட்டவில்லை.