அம்மாயி பாடிய கோப்பிப் பாட்டு

கூடலூரிலிருந்து:

1964இல் இந்தியாவும் இலங்கையும் செய்த ஒப்பந்தத்தின்படி இலங்கை மலையகத்திலிருந்து இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட குடும்பம் எங்களுடையது. தலைமன்னாருக்குப் போன அந்த ரயிலை அங்கே அழுகைக் கோச்சி என்பார்கள். ஹட்டன் ஸ்டேஷனில் அம்மாயி, என் அம்மாவின் அம்மா, ஏறினார், அவருடைய அக்காள் ஏறவில்லை. அதற்கு மேல் அம்மாயி பேசமாட்டார்.

மழை பிடித்துக்கொண்ட மாலைகளில் அடுப்படியில் உட்கார்ந்து பாடுவார். மேடேறிக் கோப்பிப் பழம் (காப்பியை அங்கே அப்படித்தான் சொல்வார்கள்) பறித்தது, கங்காணி ஏசியது, பிள்ளையை வழியில் புதைத்துவிட்டு நடந்தது என்று போகும் பாட்டு. "நீ பறித்தது தேயிலைதானே அம்மாயி, கோப்பி எங்கே வந்தது?" என்று ஒருநாள் கேட்டேன். சிரித்தார், பதில் சொல்லவில்லை. 1869இல் கோப்பிக்கு இலைநோய் வந்து, இருபது வருடத்தில் அந்தப் பயிரே ஓய்ந்து, மலையெல்லாம் தேயிலையானதைக் கல்லூரியில்தான் படித்தேன். அம்மாயி பறித்தே அறியாத பழத்தைப் பாடியிருக்கிறார்! அவருடைய பாட்டியாவது பறித்திருப்பாரா என்பதே சந்தேகம்.

அக்காளைப் பற்றி அதில் ஒரு வரியும் கிடையாது. ஆனாலும் பாடி முடித்தால் முகம் கழுவியதுபோலத் தெளிந்துவிடும். "சாயத்தண்ணி ஊற்றவா?" என்று எழுந்துவிடுவார்.

போன வருடம் வேலை போய்ச் சென்னையில் அறைக்குள் கிடந்தேன். ஆறுதல் சொல்ல அழைத்தவர்களின் போனை எடுக்கவில்லை. மொபைலில் அம்மாயியின் குரல் மூன்று நிமிடம் இருக்கிறது, நடுவே குக்கர் விசிலுடன். அதைத்தான் இரவெல்லாம் ஓடவிட்டேன். எல்லாம் சரியாகிவிடும் என்று அந்தப் பாட்டு ஓரிடத்திலும் சொல்வதில்லை.

உசிலம்பட்டியிலிருந்து:

சிறுவயதில் அம்மாவுடன் இழவு வீடுகளுக்குப் போவேன். பெண்கள் வட்டமாக உட்கார்ந்து, தோள்மேல் கைபோட்டு ஒப்பாரி வைப்பார்கள். ஒருமுறை இறந்தது எழுபது தாண்டிய தாத்தா. பக்கத்து வீட்டு அத்தை அழுததோ, நாலு வருடம் முன்பு போன தன் அண்ணனை. யாரும் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. உங்கள் அம்மாயியின் கோப்பிப் பாட்டைப் பற்றிப் படித்ததும் அந்த அத்தைதான் நினைவுக்கு வந்தார். வரி முடிகிற இடத்தில் குரல் இறங்கி மூச்சோடு கரையுமே, அதற்கு ஈடாக எந்தக் கச்சேரியிலும் நான் கேட்டதில்லை. ரசித்தேன் என்று அம்மாவிடம் சொல்லியிருந்தால் அடிதான் விழுந்திருக்கும்.

திருச்சியிலிருந்து:

ரசித்தேன் என்ற சொல் எனக்கும் உறுத்துகிறது. என் கணவர் இறந்தபோது இருந்தது நகரத்து அடுக்குமாடியில். "மெதுவாக அழு, பக்கத்து வீட்டில் குழந்தை தூங்குகிறது" என்றார்கள், சொந்தக்காரர்களே. முப்பது கழிந்து ஊருக்குப் போனேன். ஆட்டோ நிற்பதற்குள் பெரியம்மா வாசலில் குரலெடுத்துவிட்டார். செருப்பைக்கூடக் கழற்றாமல் போய் அவர் தோளைக் கட்டிக்கொண்டேன். எனக்கு ஒரு வரியும் தெரியாது. ஒவ்வொரு வரியின் கடைசி எழுத்தை மட்டும் அவரோடு சேர்ந்து இழுத்தேன்.